மொறை வெச்சிக் கூப்புடு

புதுசா ஒருத்தரைப் பார்த்தா நாம பேரு கேப்போம், ஊரு கேப்போம். எங்க கம்பெனில தரை துடைக்கற அம்மா ஒருத்தங்க, அவங்க வயசுதான் கேப்பாங்க. "உனக்கு இன்னா வயசு?" அவ்வளவுதான், முன்னுரையே கிடையாது. சொன்னதும் கண்ணை ஒரு தடவை மேல தூக்கி மனசுக்குள்ள கூட்டிக் கழிச்சுப் பார்த்துட்டு, "அப்ப நீ எனக்குத் தம்பி", "நீ எனக்கு மவ மொறை"ன்னு தீர்ப்பு சொல்லிடுவாங்க. அப்பீல் கிடையாது. ஒரு தடவை எங்க கம்பெனிக்கு ஆடிட் பண்ண ஒரு பெரிய மனுஷன் கோட்டு போட்டுக்கினு வந்து ரிசப்ஷன்ல உக்காந்திருந்தாரு. தரையைத் துடைச்சிக்கினே இவங்க கேட்டாங்க. அவரு பாவம், ஏதோ செக்யூரிட்டி விசாரணைன்னு நினைச்சிட்டு "ஃபார்ட்டி எய்ட்"னு சொல்லிட்டாரு. "அப்ப தம்பி, காலைத் தூக்கு, ஈரமா கீது"ன்னாங்க. மறுபேச்சு இல்லாம தூக்கிட்டாரு.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துல கார் பார்ட்ஸ் பண்ற கம்பெனி அது. அவங்க அங்க ஹவுஸ்கீப்பிங், கான்ட்ராக்ட்ல. அதுக்கு முன்னாடி நாவலூர்ல ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸ்ல கண்ணாடி துடைச்சாங்க. அதுக்கும் முன்னாடி சிறுசேரி பக்கம் கட்டட வேலை. "அங்க நிக்குற கட்டடத்துல பாதி நான் தண்ணி ஊத்தி வளத்தது"ம்பாங்க. நான் அதே கம்பெனில அட்மின் அசிஸ்டென்ட். கேப் ஏற்பாடு, கேன்டீன் டோக்கன், நோட்டீஸ் ஒட்டறது, இந்த மாதிரி யாரும் பாக்க மாட்டேன்ற வேலையெல்லாம் என் தலையில.

சார், மேடம் ரெண்டும் அவங்க வாயில வந்து நான் கேட்டதே இல்ல. எங்க ஹெச்.ஆர். மேனேஜரையே "தம்பி"ன்னுதான் கூப்பிடுவாங்க. அவரு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "அந்தம்மாகிட்ட ‘சார்’னு சொல்லச் சொல்லுய்யா"ன்னாரு. நான் போய்ச் சொன்னேன். "ஏன், அவரு எனக்குப் பெரியவரா? நாப்பத்தி நாலுன்னு அவருதானே சொன்னாரு"ன்னாங்க.

அவங்க பேரை இங்க நான் எழுதப் போறதில்ல. அதுக்குக் காரணம் இருக்கு. நாங்க ரெண்டு பேரும் ஒரே ஊரு. ஏரிக்கு மேற்கால எங்க தெரு, கிழக்கால அவங்க தெரு. எங்க நிலத்துல நடவு, களை, அறுப்புன்னு அவங்க வீட்டு ஆளுங்கதான் மூணு தலைமுறையா வேலை பார்த்தவங்க. எங்க வீட்டுல நண்டு சிண்டுங்க முதல்கொண்டு அவங்களைப் பேரு சொல்லித்தான் கூப்பிடும், அதுவும் வா, போன்னு. நானும் கூப்பிட்டிருக்கேன். மூணாங்கிளாஸ் படிக்கிறப்போ வாசல்ல நின்னுக்கினு அவங்க பேரைச் சொல்லிக் கத்துவேன். அவங்க "இன்னா சின்னய்யா"ன்னு வந்து நிப்பாங்க. அந்தப் பேரை எங்க வீடு போதுமான அளவுக்கு உபயோகிச்சாச்சு. இனிமே வேணாம்.

இதான் எனக்குக் கம்பெனில பெரிய பேஜாரா போச்சு. நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு அவங்களைப் பார்த்ததும் வாய் அப்படியே நின்னுடுச்சு. பேரு சொல்லிக் கூப்பிட வெக்கமா இருந்துச்சு. அக்கா, அம்மா எதுவும் வரல. எங்க தெருவுல யாரும் ஏரிக்கு அந்தாண்ட ஒருத்தரை முறை வெச்சுக் கூப்பிட்டு நான் கேட்டதில்ல, அதனால நாக்குக்கு அந்த வழியே தெரியல. அதனால "ஹலோ"ன்னேன். "இந்தாங்க"ன்னேன். "ஒரு நிமிஷம்"னேன்.

அவங்க திரும்பவே மாட்டாங்க. செவிடு ஒண்ணும் கிடையாது, பத்து அடி தள்ளி டீ கப்பு கீழ விழுந்தா காதுல விழும். முதல் வாரமே சொல்லிட்டாங்க. "உன் வயசு எனக்குத் தெரியும். நீ பொறந்த அன்னிக்கு ஏரி ரொம்பி கலங்கல் ஓடுச்சு. என் வயசும் உனக்குத் தெரியும். மொறை வெச்சிக் கூப்புடு, திரும்பறேன். இல்லன்னா முன்னால வந்து நில்லு." அதுவரைக்கும் எனக்கும் முறை கிடையாதாம். ஆடிட்டர் தம்பி, மேனேஜர் தம்பி, வாட்ச்மேன் அண்ணன். நான் மட்டும் "அட்மினு".

ஒவ்வொரு தடவையும் நான் சுத்திக்கினு போய் அவங்க முன்னால நிப்பேன். அந்த அம்மாவை நான் சுத்தின சுத்துக்கு பக்கத்துல இருக்கற நரசிம்மர் கோயிலைச் சுத்தியிருந்தா புண்ணியமாவது கிடைச்சிருக்கும்.

அப்பதான் தாய்லாந்துல இருந்து மெஷின் வந்துச்சு. மெஷினோட மூணு பேரும் வந்தாங்க, ஒரு வருஷம் இருந்து செட் பண்ணிக் குடுக்கறதுக்கு. ரெண்டு ஆம்பளைங்க, ஐம்பதை ஒட்டினவங்க. ஒரு பொண்ணு, குவாலிட்டி இன்ஜினியர். வெளிநாட்டுக்காரங்ககிட்ட எப்படி நடந்துக்கணும்னு மேனேஜர் சொல்லச் சொல்ல நான்தான் நோட்டீஸ் அடிச்சு ஒட்டினேன். வயசு கேக்கக் கூடாது, சம்பளம் கேக்கக் கூடாது, கல்யாணம் ஆச்சான்னு கேக்கக் கூடாது. இவங்க அதை எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு, "அப்பால இன்னாத்த பேசறது, மழையையா?"ன்னாங்க.

அந்தப் பொண்ணு வந்து மூணு வாரம் யார்கூடவும் சரியா பேசல. எதைக் கேட்டாலும் சிரிக்கும், ரெண்டு வார்த்தை இங்கிலீஷ்ல சொல்லும், நகர்ந்துடும். கொஞ்சம் திமிரு புடிச்ச பொண்ணுன்னு லைன்ல பேச்சு. ஒரு நாள் காரிடார்ல இவங்க மாப்போட குறுக்க நின்னு, விரலைக் காட்டி, "உனக்கு, உனக்கு, எத்தினி வயசு?"ன்னு கேட்டுட்டாங்க. நான் பத்தடி தள்ளி நின்னுக்கினு இருந்தேன். என் நோட்டீஸ் அவங்க தலைக்கு நேர் மேல ஒட்டியிருந்துச்சு. வேலை போச்சுடா சாமின்னு ஓடினேன்.

அந்தப் பொண்ணு முகத்துல வந்த வெளிச்சத்தை நீங்க பார்த்திருக்கணும். "ட்வென்டி ஃபோர்"னுச்சு. உடனே பதிலுக்கு அதுவும் கேட்டுச்சு. இவங்க அஞ்சு விரலை ஒரு தடவை, மூணு விரலை ஒரு தடவை காட்டினாங்க. அவ்வளவுதான், பொண்ணு லேப்டாப்பைக் கீழ வெச்சுட்டு ரெண்டு கையையும் சேர்த்து, மூக்குல விரல் படற அளவுக்குத் தலையைக் குனிஞ்சு கும்பிட்டு, "பா"ன்னு கூப்பிட்டுச்சு. அம்மாவை விட மூத்தவங்களை அப்படித்தான் கூப்பிடுவாங்களாம். நம்ம பெரியம்மா மாதிரி.

கும்பிடு போட்டுத்தான் இவங்களுக்குப் பழக்கம், வாங்கிப் பழக்கமில்ல. மாப்பை எங்க வைக்கறதுன்னு தெரியாம கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல இடுக்கிக்கினு பதிலுக்குக் கும்பிட்டாங்க. தண்ணி முதுகுல சொட்டிக்கினு இருந்துச்சு, கவனிக்கல.

அப்புறம் அந்தப் பொண்ணு என்கிட்ட விளக்குச்சு. அவங்க பாஷைல எதிர்ல இருக்கறவங்க பெரியவங்களா சின்னவங்களான்னு தெரியாம ‘நான்’, ‘நீ’ன்னு ஆரம்பிக்கறதே கஷ்டமாம். தெரிஞ்சாதான் எந்த வார்த்தையைப் போடறதுன்னு முடிவு பண்ண முடியும். இங்க ஒருத்தரும் வயசு சொல்லல, கேக்கவும் இல்ல. மூணு வாரமா பேச வந்த பேச்சையெல்லாம் முழுங்கிக்கினு இருந்திருக்கு பாவம். நான் ஒட்டின நோட்டீஸை நானே கிழிச்சேன்.

தாய்லாந்து பாஷை கிளாஸ் அப்படித்தான் ஆரம்பிச்சுது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் இருபது நிமிஷம், கேன்டீன் மூலையில. பொண்ணுதான் சொல்லிக் குடுக்கும். மேனேஜருங்க நாலு பேர் ஆர்வமா வந்து மூணாவது நாள் காணாம போனாங்க. மிச்சம் நின்னது ரெண்டு பேர். மேனேஜர் கட்டாயப்படுத்தினதால நான். யாரும் கூப்பிடாம அவங்க.

பொண்ணோட நிஜப் பேரு ரயில்வே ஸ்டேஷன் போர்டு மாதிரி நீளம். கூப்பிடற பேரு குங். அப்படின்னா இறால். அங்க எல்லாருக்கும் இந்த மாதிரி ஒரு வீட்டுப் பேரு உண்டாம், ஆபீஸ்லயும் அதான் ஓடுமாம். கூட வந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் பேருக்கு அர்த்தம் பன்னி, இன்னொருத்தர் பேருக்குச் சின்னவன். சின்னவன்தான் தொண்ணூறு கிலோ. இவங்களுக்கு ஒரே குஷி. "எங்க தெருவுல எலி கீறான், தவக்களை கீறான், மொட்டை மூணு பேரு கீறானுங்க. பன்னின்னு மட்டும் வெக்கல, வெச்சா வெட்டு குத்தாயிடும்"னாங்க. அன்னில இருந்து அந்தப் பொண்ணு இவங்களுக்கு ‘இறாலு’.

மூத்தவங்களைக் கூப்பிடற இன்னொரு வார்த்தையும் இருக்கு. அண்ணன், அக்கா ரெண்டுக்கும் அதான். அதைத் தமிழ்ல எழுதினா அசிங்கமாயிடும், அதனால விட்டுடறேன். குங் அதைச் சொல்லிக் குடுத்த அன்னிக்கு கேன்டீன்ல பாதி பேர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வெச்சுட்டாங்க.

எனக்குப் பெரிய கண்டம் ராகம்தான். தாய்ல ஒரே சொல்லை அஞ்சு விதமா இழுக்கணும், ஒவ்வொண்ணுக்கும் வேற அர்த்தம். எனக்கு அஞ்சும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு. அவங்களுக்கு ஒரே நாள்ல வந்துடுச்சு. "நீ ‘ம்’ சொல்றதில்லயா?"ன்னாங்க. சரின்றதுக்கு ஒரு ‘ம்’, நெசமாவான்றதுக்கு ஒரு ‘ம்’, மேல சொல்லுன்றதுக்கு ஒரு ‘ம்’, வேணான்றதுக்கு ஒண்ணு, இருடா உன்னப் பாத்துக்கறேன்றதுக்கு ஒண்ணு. வாயையே தொறக்காம அஞ்சையும் சொல்லிக் காட்டினாங்க. குங் கை தட்டுச்சு. அதுக்கப்புறம் நான் வீட்டுல எங்கப்பா சொல்ற ‘ம்’ எல்லாத்தையும் எண்ணிக்கினு இருந்தேன்.

பாஷையை விட ஆளுங்களை அவங்க படிச்சதுதான் எனக்கு ஆச்சரியம். குங் எப்பவும் சிரிச்ச முகமா இருக்குதுன்னு மேனேஜருக்கு ஒரே திருப்தி. இவங்க என்கிட்ட, "அது சிரிக்கறத நம்பாத. பல்லு தெரியாம சிரிச்சா வேணாம்னு அர்த்தம். ரெண்டு மாசமா உங்க கேன்டீன் சாம்பாரைப் பாத்து அப்படித்தான் சிரிக்குது"ன்னாங்க. நெசம்தான். கேட்டா, சமைக்கறவங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்லலையாம். அதுக்கு ஒரு வார்த்தை இருக்கு அங்க, க்ரெங் ஜாய். அடுத்தவங்களுக்குச் சங்கடம் குடுக்கக் கூடாதுன்னு தன்னை ஒடுக்கிக்கறது. இங்கிலீஷ்ல சொல்லத் தெரியாம குங் முழிச்சுச்சு. இவங்க, "கூச்சம்தான். ஆனா எங்களுக்குக் கத்துக் குடுத்தது பயத்துல வர்ற கூச்சம். இதுல பயம் கெடையாது. நல்லாத்தான் கீது"ன்னாங்க. அன்னிக்கு நான் நோட்டுல குனிஞ்சு ஏதோ எழுதற மாதிரி இருந்துட்டேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை மூணு தாய்க்காரங்களையும் மாமல்லபுரம் கூட்டிக்கினு போகச் சொல்லி கம்பெனில வண்டி குடுத்தாங்க. இவங்களும் வந்தாங்க, குங் கூப்பிட்டதால. கைடு ஒவ்வொரு கல்லா காட்டி விளக்கிக்கினு வந்தாரு. இவங்க கேட்ட ஒரே கேள்வி, "இதுக்கு இன்னா வயசு?" ஆயிரத்துச் சொச்சம்னாரு கைடு. "அப்ப பாட்டன்னே வெச்சிக்கலாம்"னு அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினாங்க. கைடுக்கு முப்பத்தாறு, அவரும் தம்பியாயிட்டாரு.

கடலோரத்துல உக்காந்து சாப்பிட்டோம். குங் பச்சைப் பப்பாளிக் காயைச் சீவி, மிளகாயை இடிச்சு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ஏதோ பண்ணுச்சு. அதுக்கு காஞ்ச பொடி இறால் வேணுமாம். இவங்க மடியில இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாங்க. சென்னாகூனி, நம்ம கருவாட்டுக் கடையில படி கணக்குல விக்கற பொடி இறால். குங் வாயில போட்டுப் பார்த்துட்டு, அப்படியே அவங்க ஊரு ருசின்னு கண்ணுல தண்ணி விட்டுடுச்சு. "இறாலே இறாலத் துன்னுட்டு அழுவுது பாரு"ன்னு இவங்க அது முதுகைத் தட்டினாங்க. தலையைத் தட்டல. தலையைத் தொடறது அங்க பெரிய தப்புன்னு முதல் பாடத்துலயே கேட்டு வெச்சிருந்தாங்க.

சாப்பிட்டதும் குங் நோட்டை எடுத்துச்சு. ஒரு பக்கம் தாய், ஒரு பக்கம் தமிழ்னு உறவு முறையெல்லாம் எழுதிக்கினு இருந்துச்சு. என்னைப் பார்த்து, "நீ இவங்களை என்னன்னு கூப்பிடுவே?"ன்னு கேட்டுச்சு.

நான் கடலைப் பார்த்தேன். எனக்கு அவங்க வயசு தெரியலன்னு நினைச்சுடுச்சு போல. "உங்க அப்பாவுக்கு எத்தனை வயசு?"ன்னு கேட்டுச்சு. ஐம்பத்தி நாலுன்னேன். இவங்களுக்கு ஐம்பத்தி மூணு. குங் சந்தோஷமா தலையாட்டுச்சு. அப்பாவை விட சின்னவங்கன்னா ‘ஆ’ன்னு கூப்பிடணுமாம். ராகம்கூட வேண்டாம், வெறும் ‘ஆ’. வாயைத் தொறந்தா போதும்.

"ஆ"ன்னேன். எவ்வளவு சுலபமா வந்துடுச்சு தெரியுமா.

"தமிழ்ல?"ன்னு குங் பேனாவைப் புடிச்சுக்கினு உக்காந்திருந்துச்சு. இவங்க மணலைக் கையால அள்ளி அள்ளி விட்டுக்கினு, என்னைப் பாக்காம, "அத்தை"ன்னாங்க. "அப்பனுக்கு இளையவ அத்தை. எழுதிக்க." அவங்க எனக்கு அத்தைன்னா எங்கப்பா அவங்களுக்கு அண்ணனாயிடுவாரு இல்ல? டீ வாங்கினு வரேன்னு எழுந்து போயிட்டேன். கோழை.

அதுக்கப்புறம் கம்பெனில அவங்களை "ஆ"ன்னு கூப்பிட ஆரம்பிச்சேன். யாருக்கும் புரியாது, எங்க ஊர்க்காரன் எவன் காதுலயும் விழாது. அந்த ஒரு எழுத்துக்குள்ள போய் நல்லா ஒளிஞ்சுக்கினேன். அவங்களும் திரும்புவாங்க, ஆனா பாதி. தோள் வரைக்கும் திரும்பி, "இன்னா அட்மினு?"ம்பாங்க.

சித்திரை வந்துச்சு. நமக்கும் அவங்களுக்கும் ஒரே சமயத்துலதான் வருஷப் பிறப்பு. அன்னிக்கு அங்க சின்னவங்க பெரியவங்க கையில வாசனைத் தண்ணி ஊத்தி ஆசீர்வாதம் வாங்குவாங்களாம். நமக்கு லீவு விடறதுக்கு முந்தின நாள், மத்தியானம், கேன்டீன்லயே பண்ணலாம்னு குங் சொல்லுச்சு. எவர்சில்வர் கிண்ணத்துல தண்ணி, அதுல மல்லிப்பூ, கொஞ்சம் பன்னீர். பெரியவங்க உக்கார நாலு நாற்காலி. பன்னி, சின்னவன், எங்க மேனேஜர், நாலாவதா இவங்க. தரை துடைக்கறவங்க தன் பக்கத்துல உக்காந்ததுல மேனேஜர் நெளிஞ்சாரு, ஆனா தாய்க்காரங்க முன்னால என்ன சொல்ல முடியும். இவங்க புதுப்புடவை கட்டிக்கினு வந்திருந்தாங்க, யூனிஃபார்முக்கு மேட்ச்சா நீலம்.

மூணு பேருக்கும் ஊத்தி முடிச்சு குங் இவங்ககிட்ட வந்துச்சு. கையைச் சேர்த்து ஏந்தச் சொல்லுச்சு. ஏந்தினாங்க. கிண்ணம் சாய்ஞ்சு தண்ணி விழறதுக்கு முன்னால வெடுக்குன்னு கையை இழுத்துக்கினாங்க. மல்லிப்பூவோட தண்ணி புடவையில கொட்டுச்சு. "வேணாம்"னு எழுந்து கை கழுவற இடத்துக்குப் போயிட்டாங்க.

குங் பல்லு தெரியாம சிரிச்சுக்கினு அப்படியே நின்னுச்சு. என்ன தப்பு பண்ணேன்னு கண்ணாலயே எல்லாரையும் கேட்டுச்சு. யாருக்கும் தெரியல. நான் பின்னாலயே போனேன்.

குழாயடியில திண்டு மேல உக்காந்திருந்தாங்க. நான் கேக்கறதுக்கு முன்னாலயே சொன்னாங்க. "ஒம்போது வயசு எனக்கு. நடவுக்கு எங்கம்மாகூட வந்தேன். தாகம். உங்க வூட்டுப் பின்னால போய்க் கேட்டேன். சொம்பத் தொடக் கூடாது இல்ல, கைய ஏந்துன்னாங்க. இதே மாரி ஏந்தினேன். மேல இருந்து ஊத்துனா முக்காவாசி மூக்குலதான் போச்சு. உங்கப்பாருதான் ஊத்துனாரு. அவருக்குப் பத்து வயசு. சொன்னத செஞ்சாரு, சின்னப் புள்ள. ஆனா சிரிச்சிக்கினே ஊத்துனாரு." கையைத் திருப்பிப் பார்த்துட்டு, "மறந்துட்டேன்னுதான் நெனச்சேன். கை மறக்கல"ன்னாங்க.

எனக்கு வெக்கமா இருந்துச்சு. அழுகை வந்துச்சுன்னும் சொல்லலாம், யார்கிட்ட மறைக்கப் போறேன். எங்க வீட்டுச் சொம்பு எங்க மாட்டியிருக்கும்னுகூட எனக்குத் தெரியும்.

திரும்பிப் போய் குங்குக்கு விளக்கினேன். தெரிஞ்ச தாய் கொஞ்சம், இங்கிலீஷ் கொஞ்சம், மிச்சம் கை ஜாடை. ஊத்தினவன் எங்கப்பான்றதையும் சொன்னேன். அதை விட்டுட்டு மத்ததைச் சொல்ல முடியல. குங் கிண்ணத்தை எடுத்துக்கினு குழாயடிக்கு வந்து, அந்த ஈர சிமெண்டுல அவங்க காலுக்குக் கீழ மண்டி போட்டு உக்காந்துச்சு. கிண்ணத்தை ரெண்டு கையால தூக்கிக் காட்டி, தெரிஞ்ச தமிழ்ல, "நான் கீழ. நீங்க மேல"ன்னுச்சு.

அவங்க "பேண்ட்டு ஈரமாவுது, சீக்கிரம் ஊத்து"ன்னு கையை நீட்டினாங்க. ஊத்தி முடிச்சதும், "தலையத் தொடலாமா?"ன்னு கேட்டாங்க. குங் தலையைக் குனிஞ்சு குடுத்துச்சு. ஈரக்கையை அது தலையில வெச்சு, என்னென்னமோ வாழ்த்தினாங்க. நல்ல புருஷன், நல்ல சம்பளம், அப்புறம் நல்ல சாம்பார்.

கிண்ணத்துல தண்ணி மிச்சம் இருந்துச்சு. குங் அதை என்கிட்ட நீட்டுச்சு. நான் மண்டி போட்டேன். தண்ணி நூல் மாதிரி விழுந்துச்சு. "நெறைய ஊத்து. இன்னா கஞ்சத்தனம்"ன்னாங்க. முழுசா சாய்ச்சேன். "ஆ"ன்னேன். அவங்க ஈரத்தைப் புடவையில துடைச்சிக்கினே, "கை கத்துக்கினுச்சு. வாய்தான் இன்னும் கத்துக்கல"ன்னாங்க. என் தலையில கை வைக்கல. நானும் எதிர்பார்க்கல, அப்படின்னு சொன்னா பொய்.

ரெண்டு மாசம் கழிச்சு, லைன்ல வேலை செய்யற ஆறு பொண்ணுங்களை நாலு மாச டிரெய்னிங்குக்குத் தாய்லாந்து அனுப்பலாம்னு கம்பெனி முடிவு பண்ணுச்சு. ஆறு வீட்டுலயும் அப்பா அம்மா ஒரே பேச்சு: "அந்தம்மா கூட போனா அனுப்பறோம்." பாஷை ஒழுங்கா பேசத் தெரிஞ்சவங்க கம்பெனில வேற யாரும் இல்ல. மேனேஜர் வாயைத் தொறக்கறதுக்கு முன்னால பன்னியும் சின்னவனும் பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டாங்க. ஐம்பத்தி மூணு வயசுல அவங்க பாஸ்போர்ட் எடுத்தாங்க. அதுல பிறந்த தேதி தப்பா விழுந்து ரெண்டு வயசு குறைஞ்சுடுச்சு. அதுக்குத்தான் ரொம்ப கோவப்பட்டாங்க. "இனிமே மேனேஜருக்கும் எனக்கும் எத்தினி வித்தியாசம்னு கேட்டா இன்னாத்த சொல்றது?"

கிளம்பற அன்னிக்கு வேன் ஏற்பாடு பண்ணது நான்தான். ஆறு பொண்ணுங்களையும் வழியனுப்ப வந்த குங்கையும் ஏத்திக்கினு கடைசியா எங்க ஊருக்கு வந்துச்சு. கிழக்கால தெருவுக்கு அவ்வளவு பெரிய வேன் போகாது. அதனால எங்க தெருவுல, சரியா எங்க வீட்டு முன்னால நின்னுச்சு. சாயந்திரம் நாலு மணி. எங்கப்பா வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உக்காந்து போன் பாத்துக்கினு இருந்தாரு. தெருவுல பாதி பேர் வேனைப் பார்க்க வந்துட்டாங்க.

அவங்க ஏரிக்கரையில பெட்டியை உருட்டிக்கினு வந்தாங்க. எங்கப்பா நிமிர்ந்து பார்த்து, அவங்க பேரைச் சொல்லி, "எங்கடி கெளம்பிட்ட, மூட்டை முடிச்சோட?"ன்னாரு. கெட்ட எண்ணமெல்லாம் இல்ல, நாப்பது வருஷப் பழக்கம். அவங்க "வெளியூருக்கு"ன்னு மட்டும் சொல்லிட்டு வண்டியில ஏறினாங்க. குங் ஜன்னல் வழியா என்னைப் பார்த்துச்சு, எங்கப்பாவைப் பார்த்துச்சு. இவருதான் அன்னிக்குத் தண்ணி ஊத்தினவருன்னு அதுக்குப் புரிஞ்சுடுச்சு. ஆனாலும் பெரியவருன்னு கையைச் சேர்த்துக் கும்பிட்டுச்சு. எங்கப்பா அரைகுறையா எழுந்து போனோட சேர்த்துக் கும்பிட்டாரு.

டிரைவர் வண்டியை எடுத்துட்டாரு. அப்பதான் பார்த்தேன், அவங்க பெட்டி வெச்ச இடத்துல ஒரு மஞ்சப்பை கிடந்துச்சு. சென்னாகூனி. நாலு மாசத்துக்கு. எடுத்துக்கினு ஓடினேன்.

வேன் நிக்கணும்னா கூப்பிடணும். "ஆ"ன்னு கத்தினா பல்லு வலின்னு நினைப்பாங்க. "ஹலோ"ன்னா அவங்க திரும்ப மாட்டாங்க, அது எனக்கு நல்லாவே தெரியும். சுத்திக்கினு போய் முன்னால நிக்கலாம்னா அது வேனு. தெருவே பார்த்துக்கினு இருந்துச்சு. எங்கப்பா பார்த்துக்கினு இருந்தாரு.

"அத்தை"ன்னேன். முதல் தடவை சத்தமே வரல. ரெண்டாவது தடவை வந்துச்சு. "அத்தை, பையை மறந்துட்டீங்க."

வேன் நின்னுச்சு. எங்கப்பா போனை மடியில வெச்சாரு. அவங்க ஜன்னல்ல இருந்து முழுசா திரும்பினாங்க. என்னைப் பாக்கல முதல்ல, என் தலைக்கு மேல எங்கப்பாவைப் பார்த்து, "போய்ட்டு வரேண்ணா"ன்னாங்க. எங்கப்பா "ம்"னாரு. அஞ்சுல அது எந்த ‘ம்’னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

நான் பையை நீட்டினேன். வாங்கி மடியில வெச்சுக்கினு, ஜன்னல் வழியா கையை நீட்டி என் தலையில வெச்சாங்க.

"உனக்கு இன்னா வயசு, மருமவனே?"

அவங்களுக்குத் தெரியாதா என்ன. இருந்தாலும் சொன்னேன். "இருபத்தேழு."

"ம்"னாங்க. "பேச்சு வர கொஞ்சம் லேட்டாயிடுச்சு."